பவல் ரிவர்: சாலை போய்ச் சேராத ஆலை நகரம் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவருக்கு வடமேற்கே கடலோரம் இருக்கிறது பவல் ரிவர். 2021 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை 13,943. நூறு ஆண்டுக்கு மேல் காகித ஆலை ஒன்றை நம்பி வாழ்ந்த ஊர் இது. போக நினைப்பவர்களும், குடியேறலாமா என்று யோசிப்பவர்களும், ஆலையின் கதையைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பவல் ரிவர் ஒரு தீவா?

இல்லை, பெருநிலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே நேராகக் கார் ஓட்டிப் போக முடியாது. பின்னால் உயர்ந்த மலைத்தொடர், இரண்டு பக்கமும் மலையைக் குடைந்துகொண்டு உள்ளே புகும் கடல்கால்கள். அவற்றைச் சுற்றிக்கொண்டு சாலை போட யாராலும் முடியவில்லை. தெற்கே வான்கூவர் பக்கம் போக இரண்டு ஃபெர்ரி ஏற வேண்டும். மேற்கே வான்கூவர் தீவுக்குப் போக ஒரு ஃபெர்ரி. வடக்கே 28 கி.மீ. தொலைவில் லண்ட் என்ற சிற்றூரில் நெடுஞ்சாலை 101 முடிந்துவிடுகிறது. ஊரில் பால் விலை முதல் மருத்துவருடைய நேரம் வரை எல்லாமே ஃபெர்ரியைப் பொறுத்தது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

வான்கூவரிலிருந்து காரில் போக எவ்வளவு நேரம் ஆகும்?

ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பார்த்தால் இவ்வளவு ஆகாது என்று தோன்றும். கணக்கு இதுதான்: ஹார்ஸ்ஷூ பே துறையிலிருந்து லாங்டேல் வரை ஃபெர்ரி 40 நிமிடம். லாங்டேலிலிருந்து ஏர்ல்ஸ் கோவ் வரை 80 கி.மீ.க்குச் சற்று மேல். வளைந்து வளைந்து போகும் சாலை என்பதால் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி. ஏர்ல்ஸ் கோவிலிருந்து சால்ட்டரி பே வரை இரண்டாவது ஃபெர்ரி 50 நிமிடம். அங்கிருந்து ஊருக்கு 30 கி.மீ., அரை மணி. கூட்டினால் மூன்றரை மணிதான் வரும். மிச்ச ஒன்றரை மணியைத் துறைகளில் காத்திருந்தே கழிக்க வேண்டும்.

எல்லாரும் சிக்கிக்கொள்வது இரண்டாவது ஃபெர்ரியில்தான். முதல் ஃபெர்ரிக்கு முன்பதிவு உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது, முன்னால் வந்த வண்டிக்கு முன்னால் இடம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதனால் ஹார்ஸ்ஷூ பேயில் எந்தப் படகு கிடைக்கிறது என்று பார்த்துக் கிளம்பாதீர்கள். ஏர்ல்ஸ் கோவில் எந்தப் படகைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்கிடுங்கள். கோடைக்கால வெள்ளி மாலையும் நீள விடுமுறையின் கடைசி நாளும் வரிசை ஃபெர்ரித் துறையைத் தாண்டிச் சாலையில் நிற்கும்.

பெட்ரோலை வழியில் உள்ள சீஷெல்ட் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். ஏர்ல்ஸ் கோவ் ஒரு துறை மட்டுமே, ஊர் கிடையாது. ஹார்ஸ்ஷூ பேயில் வாங்கும் சீட்டு லாங்டேல் வரை போய்த் திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான். திரும்பும்போது லாங்டேலில் கட்டணம் கேட்கவில்லையே என்று பதற வேண்டாம்.

இன்னொன்று. ஏர்ல்ஸ் கோவ் பக்கத்தில் ஸ்கூக்கம்சக் என்ற புகழ்பெற்ற நீரோட்ட இடுக்கு உண்டு. ஓதத்தில், அதாவது கடல் ஏறும்போதும் வற்றும்போதும், நீர் அங்கே ஆறு போலப் பாயும். காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஒரு பக்கம் மட்டுமே 4 கி.மீ. நடை. போய்த் திரும்புவதற்குள் ஃபெர்ரி போய்விடும்.

கார் இல்லாமல்?

வான்கூவர் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் சுமார் அரை மணி நேரம். அந்த விமானம் தெற்கு முனையத்தில்தான் நிற்கும். அது பிரதான முனையத்திலிருந்து தள்ளித் தனியாக இருக்கிறது. நடந்து போக முடியாது. வெளிநாட்டு விமானத்தில் வந்திறங்கி மாறுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மூடுபனி இருந்தால் விமானம் தாமதமாகும், சில நாள் போகவே போகாது.

வான்கூவர் தீவில் இருப்பவர்களுக்கு வழி எளிது. காமாக்ஸ் பக்கம் லிட்டில் ரிவர் துறையிலிருந்து ஒன்றரை மணியில் ஊரின் வெஸ்ட்வியூ துறைக்கு வந்துவிடலாம். அந்தத் தடத்தில் 2017 முதல் ஓடும் சேலிஷ் ஓர்க்கா இயற்கை எரிவாயுவில் இயங்கும் கப்பல்.

இவ்வளவு ஒதுங்கிய இடத்தில் எதற்காக ஆலை கட்டினார்கள்?

தண்ணீருக்காக. குடிக்கும் தண்ணீரைவிட, மேலிருந்து விழும் தண்ணீருக்காக.

பவல் ஏரி சுமார் 50 கி.மீ. நீளம். அந்த ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் பவல் ஆற்றின் நீளமோ அரை கிலோமீட்டர்தான். அவ்வளவு பெரிய ஏரியின் நீர் முழுவதும் அந்தக் குட்டி ஆற்றில் இறங்கிக் கடலில் விழுந்தது. வாயிலில் அணை கட்டினால் காலடியிலேயே மின்சாரம். கப்பல் வந்து நிற்கும் ஆழமான கடல் ஆலையின் வாசலில். சுற்றிலும் ஹெம்லாக், ஸ்ப்ரூஸ், ஃபிர் காடு. காகித ஆலைக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

மின்சாரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், செய்தித்தாள் அச்சடிக்கும் காகிதத்துக்கு மரத்தை வேதிப்பொருளில் வேகவைப்பதைவிடக் கல்லில் அரைத்துக் கூழாக்குவதே மலிவு. ஆனால் ஒரு டன் மரத்தைக் கல்லில் அரைக்கச் சுமார் 1,500 யூனிட் மின்சாரம் போகும். பிற்காலத்தில் வந்த நீராவியும் உலோகத் தகடும் கொண்டு அரைக்கும் முறைக்கு 2,000 யூனிட்டுக்கும் மேல். சொந்த அணை இல்லாதவர்களுக்கு இந்தத் தொழில் கட்டுப்படியாகாது.

மினசோட்டாவின் மர வணிகர்களான புரூக்ஸும் ஸ்கேன்லனும் தொடங்கிய பவல் ரிவர் கம்பெனி, 1912 ஏப்ரலில் தன் முதல் காகிதச் சுருளை எடுத்தது. மேற்குக் கனடாவின் முதல் செய்தித்தாள் காகித ஆலை அதுதான். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய செய்தித்தாள் காகித ஆலை என்ற பெயரும் அதற்கு இருந்தது.

உள்ளே வேலை எப்படி நடந்தது?

காட்டில் வெட்டிய தடிகளைக் கடலில் இறக்கி, சுற்றிலும் நீளத் தடிகளைச் சங்கிலியால் பிணைத்து மிதக்கும் வேலி போட்டு, இழுவைப் படகால் ஆலைக் குளத்துக்கு இழுத்து வருவார்கள். பட்டை உரித்து, குட்டையாக அறுத்து, சுழலும் பெரிய அரவைக்கல்லின் மேல் பக்கவாட்டில் அழுத்துவார்கள். மேலே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நின்றால் மரம் கருகும், கல்லும் வெடிக்கும்.

வெளியே வரும் நார் குட்டையானது; அது மட்டும் போதாது. ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வேதிமுறையில் வேகவைத்த நீள நார்க் கூழைச் சேர்த்தால்தான் அச்சு இயந்திரத்தின் இழுப்பைத் தாள் தாங்கும். இந்தக் கலவை இயந்திரத்தின் முகப்புக்கு வரும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்தான். ஓடும் வலையின் மேல் அதைப் பரப்ப, தண்ணீர் வடியும், உருளைகள் பிழியும், நீராவியில் சூடான உருளைகள் உலர்த்தும். கடைசியில் சுருளாகும்போது ஈரம் எட்டு சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கும்.

ஆலைக்காரர்களுக்கு எப்போதும் இருந்த கவலை, தாள் அறுவதுதான். பிழியும் இடத்துக்கும் உலர்த்தும் இடத்துக்கும் நடுவே ஈரத்தாள் சற்றுத் தூரம் எந்தப் பிடிமானமும் இல்லாமல் தாண்டிப் போகும். ஒரு துண்டு பட்டை, சரியாக அரைபடாத ஒரு சிம்பு, குழாயில் வளர்ந்து உதிர்ந்த வழுவழுப்பான படலம், இவற்றில் எது வந்தாலும் அங்கே கிழியும். அடுத்தடுத்த உருளைகளின் வேகம் இம்மியளவு பிசகினாலும் கிழியும். அறுந்தால் தாள் முழுவதையும் கீழே உள்ள குழியில் விட்டு மறுபடி கூழாக்குவார்கள். பிறகு ஓரத்திலிருந்து ஒரு குறுகிய நாடாவை மட்டும் வெட்டி, காற்றால் ஊதியும் கயிறுகளுக்கு நடுவே பிடித்தும் உருளை உருளையாக முன்னே அனுப்பி, அது மறுமுனையைத் தொட்ட பின் முழு அகலத்துக்கும் விரிப்பார்கள். கைதேர்ந்த குழு சில நிமிடங்களில் முடித்துவிடும். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்கள் இந்த வேலையைச் செய்ததற்கு அந்தக் கைப்பழக்கம் முக்கியக் காரணம். எந்தக் கையேட்டிலும் அதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

ஆலை இன்னும் ஓடுகிறதா?

இல்லை. 2021 டிசம்பரில் காலவரையின்றி நிறுத்தினார்கள். 2023 ஆகஸ்டில் நிரந்தரமாக மூடியாயிற்று என்று அறிவித்தார்கள்.

ஒரே நாளில் நடந்ததல்ல இது. 1960ல் மக்மில்லன் அண்டு பிளோடல் நிறுவனத்துடன் இணைப்பு, 1998ல் பசிஃபிகா, 2001ல் நார்ஸ்கே, 2005ல் கேட்டலிஸ்ட், 2019ல் பேப்பர் எக்ஸலன்ஸ் என்று கைமாறிக்கொண்டே வந்தது. விளம்பரம் இணையத்துக்குப் போனதும் செய்தித்தாள்களின் பக்கங்கள் குறைந்தன. பக்கம் குறைந்ததும் காகித இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2018ல் அமெரிக்கா கனடியக் காகிதத்தின் மேல் கூடுதல் இறக்குமதி வரி போட்டது. ஏழெட்டு மாதத்தில் அதை விலக்கிக்கொண்டாலும் அடி விழுந்தது விழுந்ததுதான். ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை பார்த்த ஆலை. நிறுத்தும்போது மிஞ்சியிருந்தவர்கள் இருநூறு பேர் அளவே.

அணையின் மின் உற்பத்தி மட்டும் நிற்கவில்லை. அதன் மின்சாரம் ஆலையைச் சார்ந்திராமல் தனி நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

கடலில் வரிசையாக நிற்கும் பழைய கப்பல்கள் என்ன?

அலைதடுப்பு. ஆலைக்குளத்தில் தடிகள் மிதந்து கிடக்க வேண்டும். புயலடித்தால் வேலி அறுந்து தடிகள் கடலெங்கும் சிதறும். கடல் மிக ஆழமாதலால் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்ப வழியில்லை. அதனால் உடைப்புக்குப் போகவிருந்த கப்பல்களை வாங்கி, நங்கூரமிட்டுச் சங்கிலியால் பிணைத்து மிதக்கும் சுவராக்கினார்கள். 1930களில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ்டன், ஹூரான் ஆகிய போர்க்கப்பல்களின் உடல்கள்கூட இங்கே நின்றன. ஹூரான் 1961ல் இங்கேயே மூழ்கியது.

பின்னாளில் வந்தவற்றில் பெரும்பாலானவை கான்கிரீட் கப்பல்கள். இரண்டாம் உலகப்போரின்போது எஃகு கிடைக்காததால் அமெரிக்காவில் கட்டியவை. அலைதடுப்புக்கு அவை அருமையாகப் பொருந்தின: மரத்தைத் துளைக்கும் கடற்புழு தொடாது, துரு தின்னாது, கனத்தால் அலையை அமுக்கும். அவற்றில் மூத்த கப்பல் பெரால்டா. 1921ல் எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்டது, கொஞ்ச காலம் கலிஃபோர்னியாவில் மத்தி மீன் டப்பா ஆலையாக இருந்தது, இப்போது உலகில் இன்னும் மிதக்கும் கான்கிரீட் கப்பல்களில் மிகப் பெரியது. ஆலைக்கு மேலே சாலையோரப் பார்வையிடத்திலிருந்து எல்லாமே நன்றாகத் தெரியும். வரிசையிலிருந்த ஒன்றை 2018ல் நகரக் கரையோரம் மூழ்கடித்தார்கள். இப்போது முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்க்கும் செயற்கைத் திட்டு அது.

டவுன்சைட் என்று சொல்கிறார்களே, அது தனி ஊரா?

ஆலை தன் வேலையாட்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. மரவீடுகள், அகலத் திண்ணைகள், ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம், சரிவில் எல்லாருக்கும் கடல் தெரியும்படி தெருக்கள். தொடக்கக்காலக் கட்டடங்கள் சுமார் 400 இன்னும் நிற்கின்றன. 1995ல் இது கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமானது. 1928ல் கட்டிய பட்ரீஷியா தியேட்டரில் இன்றும் படம் ஓடுகிறது. அருகே 1927ல் கட்டிய டுவைட் ஹால் மண்டபம். 1955ல் டவுன்சைட், கிரான்பெரி, வெஸ்ட்வியூ, வைல்ட்வுட் நான்கும் சேர்ந்து ஒரே நகராட்சியாயின. இன்றைய கடைத்தெருவும் ஃபெர்ரித் துறையும் வெஸ்ட்வியூவில்தான். டவுன்சைட்டில் பழைய வீடு வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன் மின்கம்பி, அடித்தளம், கூரை மூன்றையும் ஆள் வைத்துப் பார்த்துவிடுங்கள். நூறு வருட மரவீட்டில் செலவு வைப்பது இவைதான்.

ஊரின் பெயரை மாற்றப் போகிறார்களாமே?

அந்தப் பேச்சுக்கு ஆழமான காரணம் இருக்கிறது. ஆலை நிற்கும் இடம் வெறும் நிலமாக இருக்கவில்லை. அது இந்தப் பகுதியின் முதற்குடியினரான ட்லா-அமின் மக்களின் டிஸ்க்வாட் என்ற ஊர். ஆற்று வாயில் சால்மன் ஏறும் இடம். 1870களில் அந்த நிலம் அவர்களைக் கேளாமலே கைமாறியது. அணை வந்ததும் மீன் ஏறுவதும் நின்றது. மக்கள் வடக்கே இன்றைய டீஷோசம் கிராமத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஊருக்குப் பெயர் தந்த இஸ்ரேல் வுட் பவல், 1872 முதல் 1889 வரை இந்த மாகாணத்தில் முதற்குடி மக்களுக்கான அரசு அதிகாரியாக இருந்தவர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சென்ற தங்கும் பள்ளிகளையும், பாட்லாட்ச் என்ற கொடைவிழாவுக்கான தடையையும் ஆதரித்தவர். 2021ல் ட்லா-அமின் தேசம் நகரப் பெயரை மறுபரிசீலனை செய்யும்படி கேட்டது. அதைப் பற்றி ஊரில் கருத்து இரண்டாகப் பிரிந்தே இருக்கிறது. ஆனால் மாவட்டம் 2018ல் கத்தெட் ஆகிவிட்டது, மருத்துவமனையும் 2022ல் கத்தெட் பொது மருத்துவமனை ஆனது. சேர்ந்து உழைப்பது என்ற பொருள்பட மூத்தவர்கள் அன்புடன் கொடுத்த சொல் அது. கொடுத்த பெயரை மதித்து அழைப்பதே முறை என்பது எங்கள் கருத்து.

ட்லா-அமின் தேசத்தின் உடன்படிக்கை 2016 ஏப்ரல் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து தங்கள் நிலத்தில் அவர்கள் தங்களைத் தாங்களே ஆள்கிறார்கள். அவர்கள் நிலத்தில் முகாமிடவோ சிப்பி எடுக்கவோ நினைத்தால் அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

ஏரிக்கு அடியில் கடல்நீர் இருப்பது உண்மையா?

உண்மை. பவல் ஏரி முன்பு கடல்கால். பனியுகம் முடிந்து பனிக்கட்டியின் கனம் நீங்கியதும் நிலம் மெல்ல எழும்பி, அதைக் கடலிலிருந்து துண்டித்தது. மேலே ஆற்றுநீர் நிரம்பியது. கனமான உப்புநீர் அடியில் தங்கிவிட்டது. சுமார் 350 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைய கடல்நீர், ஆக்சிஜன் துளியும் இல்லாமல், மேல்நீரோடு கலக்காமல் இன்னும் கிடக்கிறது. மேலே தடிகளைப் பிணைத்த தெப்பங்களின் மேல் கட்டிய மிதக்கும் குடில்கள் நிற்கின்றன. அணையால் ஏரி மட்டம் ஏறி இறங்குவதால் அவற்றின் கயிறுகளை அவ்வப்போது தளர்த்தி இறுக்க வேண்டும்.

சன்ஷைன் கோஸ்ட் நடைபாதைக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

நீளம் 180 கி.மீ. வடக்கே சாரா முனையிலிருந்து தெற்கே சால்ட்டரி பே வரை. பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள குடில்கள் தொண்டர்கள் கட்டியவை. கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. நிரம்பியிருக்கலாம் என்பதால் கூடாரம் இல்லாமல் போகக் கூடாது.

சாரா முனைக்கு லண்டிலிருந்து படகில் போவதே சுலபம். ஆகஸ்ட், செப்டம்பரில் சிற்றோடைகள் வற்றிவிடும். ஒரு குடிலிலிருந்து அடுத்த குடில் வரைக்குமான தண்ணீரைச் சுமக்க வேண்டிய பகுதிகள் உண்டு. கிடைக்கும் நீரையும் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். டின் ஹாட், ட்ரவ்பிரிட்ஜ் மலைகளில் ஜூன் வரை பனி கிடக்கும். கருங்கரடி நடமாட்டம் உண்டு; உணவு, பற்பசை, சோப்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கைபேசி பல இடங்களில் வேலை செய்யாது. எந்த நாள் எங்கே இருப்பீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்களுக்கு இன்லண்ட் ஏரியைச் சுற்றி 13 கி.மீ. சமதளப் பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியில்கூடப் போகலாம்.

கரையில் சிப்பி பொறுக்கிச் சமைக்கலாமா?

உரிமம் எடுத்த பின், அந்தக் கடற்பகுதி அன்று திறந்திருக்கிறதா என்று மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்த பின். ஒருவகை நுண்பாசி பெருகும்போது சிப்பிக்குள் நரம்பைத் தாக்கும் நஞ்சு சேரும். பார்வைக்கும் வாசனைக்கும் ருசிக்கும் ஒரு மாற்றமும் தெரியாது. வேகவைத்தாலும் போகாது. உதடும் விரல்நுனியும் மரத்துப்போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தொடக்கம். ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் கடல் குளிக்கும் அளவுக்குச் சூடாகும். வான்கூவர் தீவை வடக்கிலும் தெற்கிலும் சுற்றி வரும் ஓதங்கள் இந்தப் பக்கம்தான் சந்திக்கின்றன. அதனால் நீர் அதிகம் கலங்காமல் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். லண்டிலிருந்து கால் மணிப் படகுத் தொலைவில் உள்ள சாவரி தீவின் மணற்கரையில் இதை நன்றாக உணரலாம்.

குடியேறினால் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

குளிர்காலக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வழக்கம். விறகடுப்பு, கைவிளக்கு, மூன்று நாளைக்கான தண்ணீர், உணவு வீட்டில் இருக்கட்டும். புயலில் ஃபெர்ரி நின்றால் கடைகளில் முதலில் காலியாவது பாலும் கீரையும்.

ஊரில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சிறப்பு மருத்துவத்துக்கு வான்கூவருக்கோ தீவுக்கோ போக வேண்டும். அவசரமென்றால் வானூர்தியில் கொண்டுபோவார்கள். தொடர் சிகிச்சை தேவைப்படுபவர்கள் வீடு பார்ப்பதற்கு முன் குடும்ப மருத்துவர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். மருத்துவருக்காக வெளியூர் போகும்போது, மாகாண அரசின் பயண உதவிப் படிவத்தில் மருத்துவரின் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டால் ஃபெர்ரிக் கட்டணம் மிச்சம். படிவத்தைத் துறையில் காட்ட வேண்டும். பயணம் முடிந்த பின் கொண்டுபோனால் பயன்படாது.